நஞ்சை நிறுக்கும் தராசு

விஷம் என்றால் என்னவென்று கேட்டால் சிறு குழந்தையும் விடை சொல்லிவிடும்: தின்றால் உயிரைப் போக்குவது விஷம். ஆனால், "எவ்வளவு தின்றால்?" என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். குழந்தை மட்டுமல்ல, பெரியவர்களும் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பாராசெல்ஸஸ் என்னும் வைத்தியரும், விஷத்தன்மை இல்லாத பொருளே உலகில் இல்லை, அளவுதான் ஒன்றை விஷமாக்குகிறது என்று ஏறக்குறைய இதே கருத்தை எழுதி வைத்தார். கருத்து பழமையானது. ஆனால் அந்த அளவு இன்னதென்று நிறுத்துக் காட்டும் தராசு மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டதோ உயிருள்ள தராசு. ஆராய்ச்சிச்சாலையில் கூண்டுக்குள் வளரும் வெள்ளை எலிதான் அது. மருந்தோ, பூச்சி கொல்லியோ, சாயமோ, சலவைப் பொருளோ, புதிதாக ஒன்று உண்டானால், "இதை ஒருவன் தவறி ஒரே தடவையில் விழுங்கிவிட்டால் என்ன நேரும்?" என்ற கேள்விக்கு முதற் சாட்சியாகக் கூண்டிலேறுவது இந்தச் சிறு பிராணியே. அந்தச் சாட்சியம் எவ்வாறு பெறப்படுகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், கேளாமல் விட்டால் என்ன விளையும் என்பவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

பாதிக் கணக்கு

1920-க்குப் பிறகு வைத்தியர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. இருதய நோய்க்குக் கொடுத்து வந்த டிஜிடாலிஸ் என்னும் மருந்து ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு தோட்டத்து இலையில் வீரியம் மிகுதி. இன்னொரு தோட்டத்து இலையில் குறைவு. இத்தகைய மருந்துகளின் வீரியத்தைப் பிராணிகளுக்குக் கொடுத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. ஒரு பிராணியைக் கொல்லக்கூடிய மிகச் சிறிய அளவு எதுவோ, அதையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். ஆனால் இன்று ஒரு விடை வந்தால் நாளை வேறு விடை வந்தது.

இதன் காரணத்தை விளக்கியவர் ஜே. டபிள்யூ. டிரெவன் என்னும் ஆங்கில சாஸ்திரக்ஞர். லண்டனுக்கு அருகே பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆராய்ச்சிச்சாலையில் வேலை பார்த்த அவர், 1927-ஆம் வருஷத்தில் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடத்து உதாரணத்தைக் கொண்டே அதை விளக்கலாம். ஒரு வகுப்பில் முப்பது மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மிகக் குறைந்த மார்க்கு வாங்கினவனை வைத்து வகுப்பின் தரத்தைச் சொல்ல முடியுமா? அன்றைக்கு ஒருவனுக்கு ஜுரம் என்றால் கணக்கே மாறிவிடும். நடுவே நிற்பவனுடைய மார்க்கோ அவ்வளவு எளிதில் ஏறி இறங்குவதில்லை. எலிகளும் அப்படியே. ஒன்று சிறிதளவிலேயே சாகும். இன்னொன்று மும்மடங்கு உண்டும் பிழைத்திருக்கும். ஆகையால் மிகப் பலவீனமான பிராணியைத் தேடாதே. கூட்டத்தில் சரிபாதியைக் கொல்லும் அளவு எது என்று பார் என்றார் டிரெவன். அதற்கு 'எல். டி. 50' என்று பெயர் ஏற்பட்டது. நாம் அதைப் 'பாதி மரண அளவு' என்று சொல்லலாம்.

இந்த அளவைப் பிராணியின் எடைக்கு ஏற்றபடி, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பது வழக்கம். சமையல் உப்புக்கு எலியின் பாதி மரண அளவு ஏறக்குறைய 3,000 மில்லிகிராம். காப்பியிலுள்ள காபீனுக்கு ஏறக்குறைய 200. முன்னாளில் வயல்களில் தெளித்துவந்த பாரத்தியான் என்னும் பூச்சி கொல்லிக்கு 15-க்கும் குறைவு. எண் குறையக் குறைய விஷம் கொடியது என்பது நினைவில் இருக்கவேண்டிய விஷயம். பரீட்சை மார்க்கைப் போல எண்ணிவிடலாகாது.

கூண்டுக்குள் நடப்பது

சோதனைக்கு வரும் எலி, சாக்கடையில் ஓடும் எலியன்று. பிலடெல்பியா நகரத்து விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் 1906-ஆம் வருஷம் முதல் வளர்க்கப்பட்ட வெள்ளை எலிகளின் வம்சம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. எல்லா எலிகளும் ஒரே இனமாகவும், ஒத்த வயதினவாகவும், ஒரே உணவில் வளர்ந்தவையாகவும் இருந்தால்தான் வித்தியாசம் தோன்றும்போது அது மருந்தினால் வந்தது என்று நிச்சயிக்க முடியும்.

இக்காலத்து விதிப்படி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வயதுள்ள, கருவுறாத பெண் எலிகளையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் காணும் இடங்களில் பெண் எலிக்கே விஷம் சற்று விரைவில் உறைக்கிறது என்பது காரணம். குறைந்தது ஐந்து நாட்கள் அவை புது இடத்திற்குப் பழக வேண்டும். அறையின் வெப்பம் 22 டிகிரியை ஒட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருள். சோதனைக்கு முந்தின இரவு எலிக்கு ஆகாரம் கிடையாது. தண்ணீர் மட்டும் உண்டு. காலையில் அதை நிறுக்கிறார்கள். எடைக்குத் தக்கபடி மருந்தைக் கணக்கிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியே இரைப்பை வரையில் செலுத்தி, ஒரே தடவையில் உள்ளே விடுகிறார்கள். 200 கிராம் எடையுள்ள எலிக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுப்பதானால் அதற்குச் சேரவேண்டியது 60 மில்லிகிராம். கைப்பழக்கம் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. குழாய் வழிதவறிச் சுவாசப்பைக்குள் போய்விட்டால் எலி சாவது மருந்தினால் அல்ல, மனிதனுடைய கையினால்.

பிறகு தொடங்குகிறது காவல். முதல் அரைமணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். முதல் நான்கு மணி நேரத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கப்பால் பதினான்கு நாட்கள் வரை தினந்தோறும் பார்க்க வேண்டும். ரோமம் சிலிர்க்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, நடுக்கமோ வலிப்போ உண்டா, மூச்சு எப்படி, நடை எப்படி, மயக்கம் உண்டா என்று குறித்துக்கொண்டே வருகிறார்கள். வாரந்தோறும் எடை பார்க்கிறார்கள். பிழைக்காது என்று தெரிந்து வேதனைப்படும் எலியைத் துன்பமின்றி முடித்துவிட வேண்டும் என்பதும் விதி. கடைசியில் எல்லா எலிகளையும் அறுத்து, ஈரல், சிறுநீரகம், குடல் முதலியவற்றைச் சோதிக்கிறார்கள்.

பதினான்கு நாள் எதற்கு என்று கேட்கலாம். சில விஷங்கள் சில நிமிஷங்களில் கொல்லும். வேறு சில, ஒன்றும் நடவாததுபோல இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு, உள்ளே சிறுநீரகத்தைக் கெடுத்துப் பிறகு கொல்லும். அத்தகைய விஷம் ஒன்றின் கதையை இனிச் சொல்லுகிறேன்.

ராஸ்பெரி வாசனை

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்துப் பிரிஸ்டல் நகரில் மாஸென்கில் கம்பெனி என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. ஸல்பனிலமைட் என்னும் மருந்து அப்போது புதிது. தொண்டைப் புண் முதலிய தொற்று நோய்களுக்கு அது கைகண்ட மருந்தாயிருந்தது. மாத்திரையாக விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளுக்குத் திரவ ரூபத்தில் கிடைத்தால் நல்லதென்று பலரும் கேட்டார்கள். கம்பெனியின் இரசாயன நிபுணர், இனிப்பான டயெதிலீன் கிளைகால் என்ற திரவத்தில் அது கரைவதைக் கண்டார். ராஸ்பெரிப் பழ வாசனை சேர்த்தார். நிறம், மணம், சுவை எல்லாம் சோதிக்கப்பட்டன. சோதிக்கப்படாதது ஒன்றுதான்: குடித்தால் என்ன ஆகும் என்பது. ஓர் எலிக்குக்கூட அது கொடுத்துப் பார்க்கப்படவில்லை. அந்தத் திரவத்தை உட்கொண்ட எலிகளின் சிறுநீரகம் கெடுவதைக் கண்ட ஆராய்ச்சி அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. அதையும் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை.

1937 செப்டம்பரில் 240 காலன் மருந்து நாடெங்கும் அனுப்பப்பட்டது. அக்டோபரில் ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகர வைத்தியர்கள், குழந்தைகள் சிறுநீர் அடைபட்டு மாண்டு போகிறார்கள் என்று அமெரிக்க வைத்திய சங்கத்துக்கு அறிவித்தார்கள். சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் ஊர் ஊராகச் சென்று, மருந்துக் கடை, வைத்தியர் வீடு, நோயாளி வீடு என்று புகுந்து, ஒவ்வொரு புட்டியாகத் தேடிப் பிடித்தார்கள். ஏறக்குறைய ஆறு காலன் மட்டுமே குடிக்கப்பட்டிருந்தது. அந்த ஆறு காலன் 105 பேரைக் கொன்றது. அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

அந்நாளைய சட்டப்படி, பாதுகாப்பில்லாத மருந்தை விற்பது குற்றமன்று! 'எலிக்ஸிர்' என்று பெயரிட்ட மருந்தில் சாராயம் சேர்ந்திருக்க வேண்டும், இதில் சேரவில்லை, ஆகையால் பெயர் தவறு என்ற ஒரே குற்றத்தைச் சொல்லித்தான் சர்க்கார் மருந்தைக் கைப்பற்ற முடிந்தது. வேறு பெயர் வைத்திருந்தால் அதுவும் முடிந்திராது. மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கிற்று. 1938 ஜூன் மாதத்தில் புதிய சட்டம் பிறந்தது. விற்பனைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பைத் தயாரிப்பவரே நிரூபித்தாக வேண்டும் என்று அது விதித்தது.

இதற்கிடையில் சிகாகோ சர்வகலாசாலையில் பேராசிரியர் கெய்லிங், எலி, முயல், நாய் ஆகியவற்றுக்கு அந்த மருந்தையும் அதன் பகுதிகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கொன்றது ஸல்பனிலமைட் அன்று, அதைக் கரைத்த திரவமே என்பது தெளிவாயிற்று. அந்த வேலையில் அவருக்கு உதவியாயிருந்த மாணவிகளில் ஒருவர் பிரான்ஸஸ் ஓல்டாம். பிற்காலத்தில் பிரான்ஸஸ் கெல்ஸி என்று உலகம் அறிந்த பெண்மணி இவரே.

சாட்சி சொல்லாதவை

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். டயெதிலீன் கிளைகாலுக்கு எலியின் பாதி மரண அளவு கிலோவுக்கு 10,000 மில்லிகிராமுக்கும் மேல். எண்ணை மட்டும் பார்த்தால், சமையல் உப்பைவிட அது சாது! மனிதனுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே எமனாகக் கூடும் என்பது நேர்ந்த மரணங்களைக் கொண்டு செய்த மதிப்பு. அப்படியானால் எலி பொய் சொல்லிற்றா? இல்லை. எலியின் சிறுநீரகத்தில் தெரிந்த கேடு உண்மையானது. மனிதனுக்கும் அதே உறுப்பில்தான் கேடு நேர்ந்தது. "எங்கே தாக்கும்?" என்ற கேள்விக்கு எலி சரியாகவே விடை சொல்லியிருந்தது. "உனக்கு எவ்வளவு தாங்கும்?" என்ற கேள்விக்கு அது தன் உடம்பைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். எலிக்கு வாந்தி எடுக்கும் சக்தியே கிடையாது என்பது ஒன்று போதாதா, அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு என்பதற்கு?

இன்னொரு குறையும் உண்டு. ஒரே தடவை கொடுத்துப் பதினான்கு நாள் பார்ப்பது, ஒரே கேள்விக்குத்தான் விடை. தாலிடமைட் என்ற தூக்க மருந்தை எலிகளுக்கு மிக அதிகமாகக் கொடுத்தும் அவை சாகவில்லை. ஆகவே இது தீங்கற்றது என்று விளம்பரம் செய்து, 1957-இல் ஜெர்மனியில் விற்கத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகள் அதை உட்கொண்டார்கள். உலகமெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபட்டும் வேறு அங்க ஈனங்களுடனும் பிறந்தன. 1961 முடிவில்தான் மருந்து ஜெர்மனியில் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் அதை விற்பதற்கு 1960-இல் அனுமதி கோரப்பட்டபோது, கொடுத்த ஆதாரங்கள் போதா என்று பிடிவாதமாக நின்று தடுத்த உத்தியோகஸ்தர் யார் தெரியுமா? சிகாகோவில் எலிகளைக் கவனித்த அந்தப் பழைய மாணவி, டாக்டர் கெல்ஸியேதான். ஒரு பரீட்சையில் தேறினதால் எல்லாப் பரீட்சையிலும் தேறினதாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரக்கமும் கணக்கும்

எண்ணைத் துல்லியமாக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரே பொருளுக்காக அறுபது, எண்பது, நூறு எலிகள் வரை கொல்லப்பட்ட காலம் உண்டு. இவ்வளவு உயிர்ச்சேதத்திற்குப் பயன் என்ன என்று மனச்சாட்சியுள்ள விஞ்ஞானிகளே கேட்டார்கள். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர், முடிந்த இடத்தில் பிராணியை விட்டு வேறு வழி தேடுக, முடியாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்று மூன்று நெறிகளை வகுத்தார்கள். 1981-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸ்பிண்டன் என்ற நிபுணர், இவ்வளவு துல்லியமான எண் ஒருவருக்கும் தேவையில்லை என்று எடுத்துக் காட்டினார். ஓர் ஊரில் 412 என்றும் மற்றோர் ஊரில் 530 என்றும் வந்தால் நோயாளிக்கு அதனால் ஆவதென்ன?

நாடுகள் பல சேர்ந்து நடத்தும் ஓ.இ.சி.டி. என்னும் ஸ்தாபனம் பழைய சோதனை முறையை 2002-ஆம் வருஷ முடிவில் தன் விதிகளிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக மூன்று சிக்கன முறைகள் வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்லுகிறேன். 5, 50, 300, 2,000 என்று நான்கு படிகள் உண்டு. ஒன்றும் தெரியாத பொருளானால் 300 என்ற படியில் மூன்றே எலிகளுக்குக் கொடுப்பார்கள். இரண்டோ மூன்றோ இறந்தால் ஒரு படி கீழே இறங்குவார்கள். ஒன்றும் சாகவில்லை, அல்லது ஒன்றுதான் செத்தது என்றால், அதே படியில் இன்னும் மூன்று எலிகள். அப்போதும் அப்படியே என்றால் ஒரு படி மேலே. இரண்டு முதல் நான்கு அடியில் பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். இன்னொரு முறையில் மரணத்தையே எதிர்பாராமல், விஷத்தின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தவுடனே நிறுத்திவிடுகிறார்கள். நம் நாட்டிலும் 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த கமிட்டி, இத்தகைய சோதனைகளை மேற்பார்வை செய்கிறது. அமெரிக்காவோ தன் 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தை 2022 டிசம்பரில் திருத்தி, புதிய மருந்துக்குப் பிராணிச் சோதனைதான் வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கி, வேறு நம்பகமான வழிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

நம் வீட்டுக்கு வந்த எலி

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். 1958-இல் கேரளத்தில், கப்பலில் வந்தபோது பாரத்தியான் கலந்துவிட்ட உணவுப் பொருளைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் விளைவாகவே பத்து வருஷம் கழித்து, 1968-இல், பூச்சி மருந்துச் சட்டம் ஏற்பட்டது. பூச்சி மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரமாக ஒரு குறியைக் காணலாம். அதன் கீழ்ப்பாதியின் நிறம் எலி சொன்ன சாட்சியமே. பாதி மரண அளவு 50 வரை என்றால் சிவப்பு; 500 வரை மஞ்சள்; 5,000 வரை நீலம்; அதற்கு மேல் பச்சை. எழுத்தறியாத உழவரும் நிறத்தைக் கண்டு எச்சரிக்கை கொள்ளலாம் என்பது நோக்கம்.

ஆனால், மேலே சொன்ன எச்சரிக்கையை இங்கே மறக்கலாகாது. நிறம் எலியின் கணக்கு. நம் கணக்கு அன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி எலியின் கணக்கில் மஞ்சளில் அடங்கிவிடுகிறது. மனிதனுக்கோ அதற்கு முறிவு மருந்தே கிடையாது. ஆகையால் பச்சை என்றாலும் பூட்டி வையுங்கள். மருந்தை ஒருபோதும் சர்பத் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். யாராவது தவறி விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்தச் சீட்டில் உள்ள பெயர் வைத்தியருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனிச் சொல்ல வேண்டியது வேதனையான விஷயம். டயெதிலீன் கிளைகால் 1937-உடன் ஓய்ந்துவிடவில்லை. 1986-இல் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகளைக் கொன்றது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், இந்தியாவிலிருந்து சென்ற இருமல் மருந்துகளில் அது காணப்பட்டது. அங்கே அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் ஜில்லாவில். தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது அந்த மருந்தில் ஏறக்குறைய சரிபாதி, 48.6 சதவிகிதம், இந்த நஞ்சே இருந்தது.

1937-இல் அந்த நிபுணர் சோதித்துப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாதது அவர் குற்றம். 2025-இல் கேள்வியும் புதிதன்று, விடையும் புதிதன்று. மருந்துக்கு வாங்கிய மூலப்பொருளில் அந்த நஞ்சு கலந்திருக்கிறதா என்று காண எலியே வேண்டியதில்லை. ஆராய்ச்சிச்சாலையில் சாதாரணமாகச் செய்யும் இரசாயனச் சோதனை ஒன்று போதும். எண்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்பு எத்தனையோ எலிகளும் முயல்களும் நாய்களும், நூற்றைந்து மனிதர்களும் உயிரைக் கொடுத்துச் சொன்ன சாட்சியம் நம் கையில் இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

பிராணிகளைச் சோதனைக்கு உள்ளாக்குவது தர்மமா என்ற வாதம் இன்னும் நெடுங்காலம் நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்பாரும் ஒன்றுபடலாம். ஒரு வாயில்லாப் பிராணியின் உயிரைச் செலவிட்டு ஓர் உண்மையை வாங்கிவிட்டு, பிறகு அந்த உண்மையை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, குழந்தைகளின் உயிரைக் கொண்டு அதையே மறுபடியும் வாங்குவது எந்தத் தர்மத்திலும் சேராது. மருந்து செய்கிறவரும், அதைச் சோதிக்கிற சர்க்காரும், ஓட்டுப் போட்டுச் சர்க்காரை அமைக்கும் நாமும் இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த வெள்ளை எலிக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்காவது தீரும்.